கொக்கி போட்ட கோடு

போத்தலில் ஆறு கோடுகள் இருந்தன. தனலெட்சுமி போட்டவை ஐந்து.

இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மூன்று லிட்டர் போத்தல் அது. மூன்று வருடமாகப் பழகிப்போன வேலை. காலையில் முதலில் போவதைக் கொட்டிவிட வேண்டும். பிறகு போவதையெல்லாம் அளவுக் கோப்பையில் பிடித்துப் போத்தலில் ஊற்றி, கறுப்புப் பையில் சுற்றி, ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் நேரம் எழுதுவது அவளாகச் செய்துகொண்ட ஏற்பாடு. அதை யாரும் கேட்கவில்லை. தனியாக இருக்கிறவர்களுக்கு இப்படி நாலு ஏற்பாடு இருந்தால்தான் பொழுது நகரும், பாவம்.

பிற்பகல் மூன்று மணி. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் சன்னல்களையெல்லாம் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணி செருகி வைத்திருந்தாள். கடல் தாண்டி எங்கோ காடு எரிந்த புகை பத்து நாளாகக் கோலாலம்பூரின் மேல் கவிந்து கிடந்தது. எதிர் பிளாக் தெரியவில்லை. அங்கே துணி காயப்போட்ட கம்பிகள் மட்டும் மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில் அந்தரத்தில் நின்றன. கீழே ரயில் போகும் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல், சுவருக்குள்ளிருந்து வருவது போல வந்து அடங்கியது. மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் வெளியே தலைகாட்ட வேண்டாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்திருந்தது. செய்தி வராவிட்டால் மட்டும் அவள் எங்கே போய்விடப் போகிறாள்.

ஐஸ்பெட்டியைத் திறந்து வைத்தபடியே கோடுகளை மறுபடி விரல்வைத்து எண்ணினாள். ஆறாவது, ஐந்தாவதற்கு அரைக் கோப்பை மேலே இருந்தது. பக்கத்தில் நேரம் எழுதவில்லை. அதற்குப் பதிலாக, கோட்டின் வலது முனையில் மேல்நோக்கி வளைந்த சின்னக் கொக்கி ஒன்று இருந்தது.

அந்தக் கொக்கியை அவளுக்குத் தெரியும். உலகத்திலேயே ஒருத்திதான் அப்படிப் போடுவாள். அந்த ஒருத்தியைச் சாம்பலாக்கிக் கிள்ளான் துறைமுகத்துக் கடலில் கரைத்து, வருகிற வியாழக்கிழமையோடு இரண்டு வருடம் ஆகிறது.

தங்கை சிவமலர் துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிற குமாஸ்தாவாக இருந்தாள். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளைப் பலகையில் தாள் வைத்து எண்ணிக் குறிப்பாள். ஒவ்வொரு வரியையும் முடிக்கும்போது கடைசியில் ஒரு கொக்கி போடுவாள். அதற்கு மேல் அந்த வரியில் யாரும் ஒன்றும் சேர்க்க முடியாது. வீட்டிலும் அதே புத்திதான். பால்காரருக்கு எழுதும் சீட்டில் கொக்கி, காலண்டரில் கொக்கி. "கொக்கி போடாத கோடு தெறந்த கதவு மாதிரிக்கா, எவன் வேணும்னாலும் உள்ள வந்து எழுதிட்டுப் போயிருவான்" என்பாள். அக்காவுக்குச் சிறுநீரகம் கொடுத்து வீடு திரும்பிய வாரத்தில், அக்கா இனி சாப்பிடக் கூடாதவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினாள். அரைவேக்காட்டு முட்டை, நட்சத்திரப் பழம், பம்பளிமாசு. அப்படியே போகிறது பட்டியல். தனலெட்சுமிக்கு உயிரான சாமான்களாகப் பார்த்து எழுதியது போல இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் கொக்கி.

அக்காவும் தங்கையும் கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையாமல் இந்த வீட்டிலேயே சேர்ந்து காலம் தள்ளியவர்கள். சிறுநீரகம் கொடுத்த பதினோராவது மாதம் மலருக்கு டெங்கி. நாலே நாளில் கிள்ளான் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. டெங்கிக்கும் சிறுநீரகத்துக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். இரண்டும் இருந்திருந்தால் தப்பித்திருப்பாளோ என்று தனலெட்சுமி இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறாள். அந்தச் சமயம் அவளே நுரையீரல் சளியோடு வேறோர் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் தங்கை முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூடக் கொடுத்து வைக்கவில்லை.

அவள் போத்தலைப் பைக்குள் வைத்துக் கட்டினாள். தூக்கக் கலக்கத்தில் நாமேதான் போட்டிருப்போம் என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்னதை மறுக்கவோ ஆமோதிக்கவோ வீட்டில் ஆள் இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் விஷ்ணுப்ரியா கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். முப்பது வயதுகூட இருக்காது, பொறுமையான பெண்.

"ஆன்டி, வைரஸ் ரொம்ப ஏறியிருக்கு. பிகே வைரஸ்னு போன மாசம் சொன்னேன்ல."

"புதுசா வந்ததாம்மா?"

"புதுசு இல்ல லா. சின்ன வயசுல அனேகமா எல்லாருக்கும் வரும், சளிக் காய்ச்சல் மாதிரி. போயிருச்சுன்னு நெனைப்போம், போகாது. கிட்னியில போய்ப் படுத்துக்கும். ஆயுசு முழுக்க ஒண்ணும் செய்யாது. நீங்க சாப்பிடுற மாத்திரை ஒடம்போட காவலத் தூங்க வைக்குது, கிட்னிய வெளியாள்னு நெனைச்சு அடிக்காம இருக்க. அந்த நேரம் பாத்து இது எந்திரிச்சிருச்சு."

தனலெட்சுமி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் அடுத்த அறிக்கையைத் திறந்தாள்.

"ஆராய்ச்சிக்காக லேப்ல இதோட மரபணுவ எழுத்தெழுத்தாப் படிச்சாங்க. ஆபரேஷனுக்கு முன்ன ஒங்க தங்கச்சிகிட்ட எடுத்து வச்ச சேம்பிள்லயும் இதே வகைதான் இருக்கு. இது ஒங்களோட வைரஸ் இல்ல ஆன்டி. அவங்களோடது. கிட்னியோட கூடவே வந்தது."

ஆறு வயதில் மலருக்கு ஒரு வாரம் விடாத காய்ச்சல் வந்தது தனலெட்சுமிக்கு ஞாபகம் வந்தது. ஈரத்துணியை நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டது அவள்தான். அந்தக் காய்ச்சலே இதுவாக இருக்குமோ என்று நினைத்துக்கொண்டாள்.

"அது அப்படியே இருக்கா, அவகிட்ட இருந்த மாதிரியே?"

"இல்ல, மாறிட்டு வருது. எப்ப எந்திரிக்கணும், எவ்ளோ வேகமாப் பெருகணும்னு சொல்ற ஒரு துண்டு இருக்கு. அது தன்னையே காப்பி எடுத்துப் பக்கத்துல ஒட்டிக்குது. அடுத்த மாசம் பாத்தா இன்னொரு காப்பி. அதனாலதான் இந்த வேகம்." மாத்திரைச் சீட்டில் கிறுக்கினாள். "ஒரு மாத்திரைய நிப்பாட்டுறோம். இன்னொண்ணு பாதி. ஒடம்பு முழிச்சுக்கிட்டு வைரஸ அடிக்கணும்."

"குறைக்கலைன்னா?"

"மூணு நாலு மாசத்துல கிட்னி போயிரும். மறுபடி டயாலிசிஸ் மெஷின்தான் ஆன்டி. அதுக்கு முன்னவேகூட வேற காய்ச்சல் ஏதாச்சும் வந்து ஆளையே சாய்ச்சிரலாம்."

தனலெட்சுமி எழுந்தாள். கதவருகே போனவள் திரும்பினாள்.

"அவளோடது உள்ள உயிரோட இருக்குன்னு சொல்றீங்க."

"வைரஸ்தானே? ரொம்ப ஆக்டிவா இருக்கு" என்றாள் டாக்டர், அடுத்த நோயாளியின் கோப்பைத் திறந்தபடி.

வீட்டுக்கு வந்து மாத்திரைகளை மேசையில் பரப்பினாள். மாத்திரைகளுக்கென்று ஓர் அட்டை வைத்திருந்தாள். காலை எட்டு, இரவு எட்டு, சாப்பிட்டதும் ஒரு புள்ளி, நாள் முடிந்ததும் அடியில் ஒரு கோடு. குறைக்கச் சொன்ன மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். இதைக் குறைத்தால் உடம்பு விழித்துக்கொள்ளும். விழித்துக்கொண்டு மலரை அடிக்கும். ஆறு வயதுக் காய்ச்சலிலிருந்து அவளோடேயே இருந்து, அவள் எரிந்த பிறகும் எரியாமல் மிஞ்சிய ஒன்றைத் தேடித் தேடி அடிக்கும். ஏற்கெனவே அவளிடமிருந்து எடுத்தது போதாதா.

பைத்தியக்காரத்தனம்தான். தனலெட்சுமிக்கும் அது தெரியும். இருபது வருடம் கடை ஒன்றில் பொறுப்பாக இருந்தவள், டாக்டர் சொன்னதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. ஆனால் அந்த வீட்டில் பேச்சுக் குரல் கேட்டு இரண்டு வருடம். சட்டியில் ஒரு ஆளுக்கு அரிசி போடும்போதெல்லாம் கை கூசுகிறது. மெஷின் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், மூன்று மாதமாவது அவள் இருக்கட்டும் என்று மனசு சொல்லிற்று. அவள் மாத்திரையை முழுதாகவே விழுங்கினாள்.

அன்று மாலை கிள்ளானில் இருக்கும் அண்ணன் கார்த்திகேசுவைக் கூப்பிட்டாள். ஆறு முறை அடித்த பிறகு எடுத்தார்.

"வியாழக்கிழமை மலருக்குத் திதிண்ணே. வரீங்களா? நான் சமைச்சு வைக்கிறேன்."

"இங்க நாங்க அமாவாசைக்கே குடுத்துட்டோம்."

"வீட்லயும் ஒரு படையல் போடலாம்னு. அவ இருந்த வீடு."

அந்தப் பக்கம் அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு அவர் குரல், கோபமில்லாமல், அதனாலேயே இன்னும் மோசமாக வந்தது.

"படையல் செத்தவங்களுக்குப் போடுறது தனம். முழுசா செத்தவங்களுக்கு. அவளப் பாதி உள்ள வச்சுக்கிட்டு யாரக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவ? கூப்பிடுறவ ஒருத்தி, வர்றவ ஒருத்தி இருக்கணும்ல. வேணாம் விடு."

"தனியா இருக்கேண்ணே."

"தனியாவா. அவ ஒன்கூடத்தான இருக்கா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவள் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். அடிவயிற்றின் வலப்பக்கம், மலரின் சிறுநீரகத்தைப் பதித்த இடத்தில், வழக்கமான கனம் இருந்தது. மூன்று வருடமாக அது அங்கே ஒரு கைக்குழந்தையின் தலை அளவுக்கு மேடாக இருக்கிறது. அழும்போது அதன்மேல் கை வைத்துக்கொள்வது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

அந்த வாரம் பூராவும் அவளுக்கு மத்தியானத் தூக்கம் அடித்துப் போட்டது. பன்னிரண்டு மணிச் சோற்றைச் சாப்பிட்டு நாற்காலியில் சாய்ந்தால் நாலு மணிக்குத்தான் விழிப்பு. விழிக்கும்போதெல்லாம் வீட்டில் ஏதோ ஒன்று இடம் மாறியிருந்தது. செவ்வாயன்று, இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த மலரின் அலமாரி ஒருக்களித்துத் திறந்திருந்தது. புதனன்று கூடமெங்கும் கோடாலித் தைல வாசனை. மலர் தலைவலிக்கென்று காலையும் மாலையும் நெற்றிப் பொட்டில் தடவுவாளே, அந்த வாசனை, பழையதாக இல்லாமல் இப்போதுதான் மூடி திறந்த மாதிரிக் காரமாக, கண் எரிய. தனலெட்சுமி தன் நெற்றியைத் தொட்டு முகர்ந்தாள். விரலில் எண்ணெய் பிசுபிசுத்தது.

மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய். அவள் போட்டு வைத்திருந்த மூன்று கோடுகளின் முனையிலும் கொக்கி. அவளுடைய வலது கட்டைவிரலில் மார்க்கர் மை.

பயமாகத்தான் இருந்தது. அதோடு, சொன்னால் வெட்கம், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. "மலரு" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் வரவில்லை. அடிவயிற்றில் மட்டும் ஏதோ ஒன்று மெல்லப் புரண்டு படுத்தது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ராஜினி கதவைத் தட்டினாள். பள்ளிக்கூட ஆசிரியை; எட்ட நின்று, முகக்கவசத்தோடுதான் பேசுவாள், நல்ல மாதிரி.

"ஒடம்பு எப்படிக்கா இருக்கு? நேத்து மத்தியானம் வாசல்ல மாஸ்க் இல்லாம நின்னீங்களே, மனசே கேக்கல. பொகையில நிக்காதீங்கன்னு சொன்னேன்."

"நானா?"

"ஆமா. சுவத்தப் புடிச்சுக்கிட்டு நடந்து நடந்து பாத்தீங்க, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். என்னக்கா பண்றீங்கன்னு கேட்டேன். 'பழகிப் பாக்குறேன்'னு சொன்னீங்க." ராஜினி சிரித்தாள். "நல்லதுதான், நடக்கணும். பொக போனப்பறம் நடங்க."

தனலெட்சுமி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அன்று இரவு எட்டு மணிக்கு, முதல்முறையாக, மாத்திரையைப் பாதியாக உடைத்தாள். உடைத்த பாதியைத் தட்டில் வைத்துவிட்டு மறுபாதியோடு தண்ணீர் குடித்தாள். காலையில் பார்த்தபோது தட்டில் ஒன்றுமில்லை. நாக்கின் அடியில் கசந்தது.

வியாழக்கிழமை விடியும்போதே காய்ச்சல். புகை இன்னும் இறங்கியிருந்தது. எதிர் பிளாக்கின் கம்பிகளும் இப்போது தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்தது. படையலை முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் தங்கைக்கென்று அவள் செய்யும் முதல் காரியம், அதையும் விட்டுவிட முடியுமா. வாசல் கிரில்லில் கடைப் பையன் மாட்டிவிட்டுப் போன பை தொங்கியது. கத்திரிக்காயும் நெத்திலியும் வாழை இலையும் கேட்டிருந்தாள். பை அதைவிடக் கனமாக இருந்தது. அடியில் முடிச்சுப் போட்ட இன்னொரு பை இருந்தது. யாருடையதோ தவறி வந்திருக்கும் என்று அதைப் பிரிக்காமல் அடுப்படி ஓரமாக வைத்தாள்.

சுவரைப் பிடித்துப் பிடித்துச் சமைத்தாள். நெத்திலிச் சம்பல், கத்திரிக்காய்ப் பிரட்டல், ரசம், மலருக்குப் பிடித்த சேமியாப் பாயசம். கூடத்தில் மலர் படத்தின் முன்னால் இலை போட்டுப் பரிமாறினாள். விளக்கு ஏற்றினாள். சாம்பிராணிப் புகை எழுந்து, வெளியே இருந்த புகையோடு சேரப் பார்ப்பது போலச் சன்னலைத் தேடிப் போயிற்று. "மலரு, வந்து சாப்பிடும்மா" என்றாள். பிறகு முறைப்படி வெளியே வந்து கதவைச் சாத்தினாள். வந்தவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட்டு எழுந்திருக்க வேண்டும். அதுவரை வீட்டார் வெளியே நிற்க வேண்டும். உள்ளே போகுமுன் மூன்று முறை தட்ட வேண்டும், நாங்கள் வருகிறோம், நீ கிளம்பு என்று. அம்மா காலத்திலிருந்து அவர்கள் வீட்டில் அப்படித்தான்.

நடைபாதையில் ஆள் இல்லை. மத்தியானம் ஒரு மணிக்கு விளக்குகள் எரிந்தன, ஒவ்வொன்றைச் சுற்றியும் மஞ்சளாக ஒரு வட்டம். லிஃப்ட் எங்கோ கீழே திறந்து மூடியது. காது அடைத்தது. சுவர் சூடாக இருந்தது, அல்லது அவள் கைதான் சூடாக இருந்தது. வலப்பக்கக் கனம் கீழிருந்து மேலே, விலா வரை, தோள் வரை பரவி, உள்ளேயிருந்து ஒருத்தி சட்டையில் கை நுழைப்பது போல அவள் கைவழியாக விரல் நுனிவரை வந்து நின்றது. கண்ணை மூடினாள்.

திறந்தபோது நேரமாகிவிட்டதாகத் தோன்றியது. கதவை மூன்று முறை தட்டினாள். சத்தம் கேட்கவில்லை. கைப்பிடியைத் திருப்பியதாக ஞாபகம் இல்லை. கூடத்துக்குள் இருந்தாள்.

விளக்கு எரிந்தது. இலை இருந்தது.

இலையில் நெத்திலி இல்லை.

சின்னக் கிண்ணத்தில் இரண்டு அரைவேக்காட்டு முட்டை, சோயாவும் மிளகுத்தூளும் தூவி. நறுக்கிய நட்சத்திரப் பழம். தோலுரித்த பம்பளிமாசுச் சுளைகள். அவளுடைய கோப்பையில் சுடச்சுட, பால் சேர்க்காத கோப்பி-ஓ. மூன்று வருடமாக ஐஸ்பெட்டிக் கதவில் மட்டும் படித்து வந்த பட்டியல், வரிசை மாறாமல், இலையில். அடுப்படி ஓரத்தில் அந்த இன்னொரு பை முடிச்சு அவிழ்ந்து கிடந்தது.

மிளகு வாசனை வந்தது. அவளுக்கு அப்படி ஒரு பசி. காய்ச்சலில் வாய் கசந்து கிடந்தவளுக்கு எங்கிருந்து வந்தது அந்தப் பசி என்று யோசிக்கவும் தோன்றவில்லை. உட்கார்ந்தாள். முட்டையை எடுத்து உறிஞ்சினாள். மஞ்சள் கரு இளஞ்சூடாகத் தொண்டையில் இறங்கியது. இன்னொன்று. பழம் நறுக்கென்று கடிபட்டுப் புளித்தது. மூன்று வருடமாக எல்லாரும் வேண்டாம் வேண்டாம் என்று பிடுங்கியதையெல்லாம் யாரோ பார்த்துப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறார்கள். கண்ணில் நீர் வந்தது. நல்லவேளை, உள்ளே ஒரு வலியும் இல்லை. உடம்பு லேசாக இருந்தது.

ரொம்ப லேசாக இருந்தது.

வலப்பக்கம் கை வைத்துப் பார்த்தாள். மேடு இல்லை. அழுத்தினாள். தழும்பு இல்லை. அங்கே ஒன்றுமே இல்லை.

கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டது. ராஜினியின் குரல்.

"என்னக்கா, படையல் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்ச மாதிரிதான் ராஜினி." பதில் சொன்ன குரல் தனலெட்சுமியின் குரல். கொஞ்சம் கரகரத்து, கொஞ்சம் மூச்சு வாங்கி. "சாப்பிட்டுட்டு இருப்பா. இன்னும் ஒரு நிமிஷம் நின்னுட்டு உள்ள போறேன்."

"மாஸ்க் போட்டுக்குங்கக்கா."

"போட்டுக்குறேன். பழகிருச்சு இப்ப."

தனலெட்சுமி கூப்பிட்டாள். ராஜினி என்று கூப்பிட்டாள். நான் உள்ளே இருக்கிறேன். வாய் திறந்தது. முன்னாலிருந்த விளக்கின் சுடர்கூட அசையவில்லை.

ராஜினியின் கதவு சாத்தும் சத்தம்.



கதவிடுக்கில் இரண்டு பாதங்களின் நிழல்.

ஒரு தட்டு.

இந்தத் தட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அவளே சொல்லிக் கொடுத்தது, மலர் சின்னப் பெண்ணாக இருக்கும்போது.

இரண்டாவது தட்டு. விரலில் ஒட்டிய மஞ்சள் கருவை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்று.

கதவு திறந்தது. வாசலில் தனலெட்சுமி நின்றாள். தனலெட்சுமியின் சேலை, தனலெட்சுமியின் வீங்கிய கணுக்கால், வலப்பக்கத்தை உள்ளங்கையால் பத்திரமாகத் தாங்கிய கை. அவள் விளக்கைப் பார்த்தாள். இலையைப் பார்த்தாள். இலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளை அவள் பார்க்கவில்லை. பார்வை ஊடே போய்ச் சுவரில் நின்றது.

"சாப்பிட்டியாக்கா" என்றாள், செத்தவர்களிடம் கேட்கிற குரலில், பாசமாக.

பிறகு அடுப்படிக்குப் போனாள். ஐஸ்பெட்டியின் மேலிருந்து மாத்திரை அட்டையையும் மார்க்கரையும் எடுத்தாள். வியாழக்கிழமைக்கு அடியில் கோடு போட்டாள். அதன் முனையில், நிதானமாக, கொக்கி போட்டாள்.